பெருக்கல் குறிக்குப் பின்: சிறு கிராஸ் ஸ்டிச் வேலைகளை முடித்துப் பெயர் பொறித்து வழங்கும் முறைமை பற்றிய ஆய்வு

சிறு கிராஸ் ஸ்டிச் வேலை என்பது, துளைகளை எண்ணித் தைக்கும் துணியில் பெருக்கல் குறி வடிவத் தையல்களால் நிரப்பப்பட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவிலிருந்து தபால் அட்டையை மறைக்கும் அளவு வரை அமைவது. அதற்கு மேற்பட்டவை பெருவேலை எனப்படும். அவை சுவரில் மாட்டப்படுவதால் பிறர் பார்வைக்கு மட்டுமே ஆளாகின்றன. சிறுவேலை கைக்குக் கை மாறுவது, திருப்பிப் பார்க்கப்படுவது, “இது என்ன?” என்று கேட்கப்படுவது. ஆகவே அதற்கு ஓர் இலக்கணம் வேண்டியதாகிறது.

படம் முழுதும் தைத்தாயிற்றே, இன்னும் முடிக்க என்ன இருக்கிறது எனக் கேட்பின், எல்லாமே இருக்கிறது என்க. கடைசிப் பெருக்கல் குறி போடப்பட்ட நிலையில் கையில் இருப்பது, ஓரம் பிரிந்து நூல் தொங்கும், வளையத் தழும்பு விழுந்த, எதற்கும் பயன்படாத ஒரு துணித்துண்டு. தையலுக்கும் பரிசுக்கும் இடையே பீரோ என்றொரு நிலை உண்டு. சிறுவேலைகளில் பெரும்பாலானவை அந்நிலையை அடைந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆங்கிலம் பேசும் நாடுகளின் தையல்காரர்கள் பாதியில் நின்ற வேலையை யூ.எஃப்.ஓ. என்றும், சட்டமோ மெத்தையோ ஆகி முழுமை பெற்றதை எஃப்.எஃப்.ஓ. என்றும் குறிப்பார்கள். பறக்கும் தட்டுக்குரிய பெயரை முன்னதற்குச் சூட்டியது பொருத்தமே. இரண்டையும் பற்றிப் பேசுவோர் பலர். கண்ணால் கண்டு சாட்சி சொல்வோர் குறைவு.

இவ்வாய்வின் அடிப்படைத் துணிபு இது: படம் வரைபடத்தை விற்றவருக்கு உரியது, முடிப்புதான் தைத்தவருக்கு உரியது. ஒரே வரைபடத்தை வைத்துத் தைத்த கிளி ஜோடி கும்பகோணத்திலும் கோபன்ஹேகனிலும் ஒரே கிளி ஜோடிதான். எந்தக் கட்டத்தில் எந்த எண் நூல் என்பது முன்பே அச்சிடப்பட்டுவிட்டது. டி.எம்.சி. 310 என்றால் உலகம் முழுக்கக் கருப்பு. ஆங்கர் 403 என்றாலும் கருப்பு. தைப்பவர் சொந்தமாக முடிவெடுக்க மீதமிருப்பவை நான்கே: ஓரம், பின்புறம், பெயர், தேதி. சிறுவேலையில் படத்தின் பரப்பு சுருங்கச் சுருங்க இந்நான்கின் பங்கு கூடுகிறது என்பது கணக்கால் பெறப்படும்.

கணக்கைத் துணியிலிருந்தே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டுத் தையல் வகுப்புகள் மேட்டி துணி என்று சொல்வதும், கடையில் விலை அதிகமானால் ஐடா துணி என்று பெயர் மாறுவதும், கொத்துக் கொத்தாக நூல் பின்னி மூலைக்கு மூலை துளை விட்ட நெசவுகள். ஐடாவை அங்குலத்துக்கு 11, 14, 16, 18 என்ற எண்ணிக்கையில் விற்கிறார்கள். 14 தான் பெருவழக்கு. 70 தையல் அகலமுள்ள படம் 14இல் சரியாக 5 அங்குலம் வரும்; 18இல் 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறையும். முடிப்பறிந்தவர் முதலில் சட்டத்தையோ டப்பா மூடியையோ வாங்குவார். பிறகு துணியின் எண்ணைத் தேர்வார். கடைசியாகத்தான் ஊசியில் நூல் கோப்பார். மற்ற அனைவரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ஐந்தேகால் அங்குலப் படத்துக்குச் சட்டம் தேடிக் கடை கடையாக அலைகிறார்கள். புகைப்படச் சட்டங்கள் 4க்கு 6, 5க்கு 7 என்று கட்டளை அளவில் வருபவை. ஐந்தேகால் என்பதைச் சட்டக்காரர்கள் அங்கீகரிப்பதில்லை.

துணியில் விட வேண்டிய வெற்று ஓரமும் இக்கணக்கில் அடங்கும். சட்டமிடுவதற்கு நாற்புறமும் 3 அங்குலம். சிறு மெத்தைக்கோ தொங்கலுக்கோ 1 அங்குலம். துணி வீணாகிறதே என்று அரை அங்குலத்தோடு நிறுத்தியவர்கள், பிற்பாடு அந்த அரை அங்குலத்தைப் பிடித்து இழுக்கப் பல்லையும் பயன்படுத்த நேர்கிறது.

பின்புறம்

முடிப்பு என்ற கலை முழுவதும் பின்புறத்தை மறைக்கும் முயற்சியிலிருந்து வளர்ந்தது என்று கொள்வதற்குப் போதிய ஆதாரம் உண்டு. கிராஸ் ஸ்டிச்சின் முன்புறம் ஒழுங்கின் உச்சம். எல்லாப் பெருக்கல் குறிகளின் மேற்கால்களும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். சாயாத ஒன்று இருந்தால் அது தைத்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், ஆயுளுக்கும் தெரியும். பின்புறத்திலோ நூல் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குக் குறுக்குவழியில் ஓடியிருக்கும்; முடிச்சு போடக் கூடாது என்ற விதி மீறப்பட்ட இடங்கள் புடைத்து நிற்கும்.

முடிச்சு ஏன் கூடாது எனின், சட்டத்துக்குள் இழுத்துக் கட்டும்போது அது முன்புறத்தில் கொப்புளமாகத் தெரியும் என்பதால். இரண்டு இழை தேவைப்படும் இடத்தில் ஒரே இழையை இரண்டாக மடித்து, முதல் தையலின்போது பின்னால் உருவாகும் கண்ணிக்குள் ஊசியை நுழைத்தால் தொடக்க முடிச்சுக்கு வேலையே இல்லை. முடிவில் நான்கைந்து தையல்களின் அடியில் நூலைச் செருகி வெட்டினால் போதும். இவ்விரண்டும் பத்து நிமிடத்தில் கற்கக்கூடியவை. ஆயினும் முடிச்சு வாழ்கிறது.

கர்நாடகத்தின் கசூதித் தையல் இவ்விவகாரத்தில் ஒரு தனிநிலை வகிக்கிறது. அதன் கவந்தி, முர்கி என்னும் வகைகள் முன்னும் பின்னும் ஒன்றுபோல் தோன்றுபவை. முடிச்சு கிடையாது, சென்ற வழியே நூல் திரும்பி வந்து விட்ட இடைவெளிகளை நிரப்பும். அதே கசூதியில் வெந்தயத்தின் பெயரால் மெந்தி எனப்படும் வகைதான் பெருக்கல் குறி; அதன் பின்புறம் முன்புறம் போல் இராது. எத்தனை நேர்த்தியான மரபும் பெருக்கல் குறியிடம் வந்ததும் பின்புறத்தைக் கைவிட்டுவிடுகிறது என்பது இதனால் அறியப்படும். தமிழகத்தில் கைவேலையை ஆராய வரும் மூத்த பெண்மணி முன்புறத்தை ஒரு கணமும் பின்புறத்தை ஒரு நிமிடமும் பார்ப்பது மரபு. அந்த ஒரு நிமிடத்தைத் தடுப்பதற்கே பின்னட்டை, லைனிங் துணி, ஃபெல்ட், ஒட்டுக் கேன்வாஸ் ஆகியன ஏற்பட்டன.

மறைப்பதற்கு முன் துவைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு போட்டு அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுப்பது முறை. சிவப்பு நூல் சாயம் விட்டால் பதறி வெயிலில் உலர்த்துவதுதான் மக்கள் செய்வது. அதுவே சாயத்தை நிரந்தரமாக்கும் வழியும் ஆகும். உலர விடாமல் ஓடும் குளிர்ந்த நீரில் தண்ணீர் தெளியும்வரை காட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் போய்விடும். பிறகு தடித்த துண்டின்மேல் படம் குப்புறக் கிடக்க, பின்புறத்தில் இஸ்திரி போட வேண்டும். முன்புறத்தில் போட்டால் அத்தனை பெருக்கல் குறிகளும் நசுங்கி, அச்சடித்த துணி மாதிரி ஆகிவிடும். அச்சடித்ததுதானா என்று கேட்கும் விருந்தினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு; அவருக்கு நாமே ஆதாரம் தயாரித்துத் தரக் கூடாது.

வடிவங்கள்

வரலாற்றில் சட்டம் பிந்தியது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டுச் சிறுமிகள் தைத்த மாதிரித் துணிகள் ஒடுங்கிய நீண்ட பட்டைகள். அவற்றை ஓரம் மடித்துத் தைத்துச் சுருட்டிப் பெட்டியில் வைத்தார்கள். புதிய பூவோ கரையோ வேண்டும்போது விரித்துப் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த நூற்றாண்டில் துணி சதுரத்தை நெருங்கியது. நாற்புறமும் கரை வந்தது. பெண்ணின் சாமர்த்தியத்தை வருவோர் பார்க்க வேண்டும் என்பதால் சுவருக்கு ஏறியது. கைக்குறிப்பாக இருந்தது சான்றிதழாக மாறிய கதை இது.

சட்டமிடுதலில் செய்யத்தக்கது ஒன்று, செய்யப்படுவது ஒன்று. செய்யத்தக்கது: அமிலம் இல்லாத அட்டையைச் சட்டத்தின் உள்ளளவுக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, துணியை அதன்மேல் வைத்து, ஒவ்வொரு பக்கமும் நடுவில் தொடங்கி மூலை நோக்கிக் குண்டூசி குத்தி, துளைகளின் வரிசை நேராக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பின்புறத்தில் உறுதியான நூலால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக இழுத்துக் கட்டுவது. முதலில் நீண்ட பக்கங்கள், பிறகு குறுகியவை. செய்யப்படுவது: சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்துவிட்டு மாலை வந்து வாங்கிக்கொள்வது. கடைக்காரர் கைதேர்ந்தவர்தான், ஆனால் அவர் பழகியது காகிதத்தோடு. காகிதத்தை ஒட்டுவது போலவே துணியையும் வெள்ளைப் பசையால் அட்டையில் ஒட்டுவார். மீந்த ஓரத்தைக் கத்தரித்துக் கீழே தள்ளுவார். சாதாரண அட்டையில் உள்ள மரக்கூறுகள் காலப்போக்கில் அமிலமாகித் துணியைப் பழுப்பாக்கும். பசையும் தன் பங்குக்கு உதவும். கண்ணாடி துணியைத் தொட்டுக்கொண்டிருந்தால், கடலோர ஊர்களின் ஈரக்காற்று உள்ளே குடியேறிப் பூஞ்சைப் புள்ளிகளை உண்டாக்கும். அவை சார்ட்டில் இல்லாத நிறம். கண்ணாடிக்கும் துணிக்கும் இடையே அட்டைக் கரை ஒன்று கொடுக்கச் சொன்னால் அவர் கொடுப்பார். சொல்ல வேண்டும், அவ்வளவே.

தைத்த வளையத்தையே சட்டமாக்கிவிடுவது அண்மைக் காலத்து எளிய வழி. துணியை வட்டமாக வெட்டி, ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டுச் சுருக்கி இழுத்து, மேலே ஃபெல்ட் வைத்துத் தைத்தால் தீர்ந்தது. வளையத்தின் திருகு நடு உச்சியில் வர வேண்டும். ஒரு பக்கம் சரிந்த திருகு வேறெந்தக் குறையையும் முந்திக்கொண்டு கண்ணில் படும்.

திணிக்கப்படும் வகைகளுள் ஆராய்ச்சிக்கு மிகவும் உகந்தது பிஸ்கோர்னு. பிரெஞ்சுக்காரர்களால் பரவிய இந்தக் குண்டூசி மெத்தை இரண்டு சம சதுரங்களால் ஆனது. ஆனால் மூலையோடு மூலை சேர்ப்பதில்லை. ஒன்றின் மூலையை மற்றொன்றின் பக்க நடுவில் பொருத்தித் தொடங்கி, ஒவ்வொரு மூலையிலும் திரும்பிக்கொண்டே சுற்றிவந்தால், நான்கு மூலைச் சதுரங்கள் இரண்டு சேர்ந்து எண்மூலைப் பொருளொன்று எழுகிறது. துணியை ஊசி தொடுவதே இல்லை என்பது இதன் நுட்பம்: இரு சதுரங்களின் ஓரத்திலும் முன்பே போட்டுவைத்த பின்தையல் கரைகளை மட்டும் ஒன்றோடொன்று கோத்துப் போவார்கள். பக்கத்தின் நடு சரியாகக் கிடைக்கக் கரைத்தையல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்க வேண்டும். கடைசிப் பக்கம் மூடுமுன் பஞ்சு திணித்து, நடுவில் மேலும் கீழும் பொத்தான் வைத்து இழுத்துக் கட்டினால் வயிறு ஒட்டிப்போகும். வடிவியல் நோக்கில் இது சிறப்பான பொருள். பயன் நோக்கில், பெற்றுக்கொண்டவர்கள் அதில் ஊசி குத்துவதில்லை, குத்தினால் கெட்டுவிடுமாம். ஆகவே உலகில் உள்ள பிஸ்கோர்னுக்களில் ஊசி பார்த்தவை, அதைத் தைத்தவரிடமே தங்கிவிட்டவை என்று கொள்ளலாம்.

குண்டூசி மெத்தையைப் பரிசளிக்கும் வழக்கத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு. இங்கிலாந்தில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு மெத்தை ஒன்று போகும். அதன்மேல் குண்டூசித் தலைகளையே புள்ளிகளாக அடுக்கிக் குழந்தைக்கு வரவேற்பு எழுதியிருப்பார்கள். பிள்ளைத் துணிகளைக் குண்டூசியால் மாட்டிய காலம் என்பதால் அது வெறும் அலங்காரமும் அன்று. ஆனால் பிரசவத்துக்கு முன் கொடுக்க மாட்டார்கள்: ஊசிக்கு ஒரு வலி என்று நம்பிக்கை. குழந்தை பிறக்குமுன் தொட்டிலோ சட்டையோ வாங்கக் கூடாது என்று தடுக்கும் தமிழ்ப் பாட்டிமார் இந்த விதியை எளிதில் புரிந்துகொள்வார்கள். தைப்பவர்களுக்கு இதனால் விளையும் நன்மை பெரிது. வேலை தாமதமானால் சகுனத்தின்மேல் பழி போடலாம்.

மற்ற வடிவங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தொங்கல் என்பது இரண்டு அட்டைகளின்மேல் மெல்லிய பஞ்சு பரப்பி, துணி போர்த்தி, முதுகோடு முதுகு சேர்த்து, சுற்றிலும் முறுக்குக் கயிறு தைப்பது. கயிற்றைப் படத்தில் பயன்பட்ட நூலிலேயே முறுக்கிக்கொள்ளலாம். வேண்டிய நீளத்தைப் போல் மும்மடங்கு நூல் பிடிக்கும். புத்தகப் பக்கக் குறிக்குத் துளையிட்ட அட்டைக் காகிதம் சிறந்தது. விக்டோரியா காலத்து வீடுகளில் இது பெருவழக்காக இருந்தது. ஓரம் பிரியாது, மடிக்க வேண்டாம், பின்னால் பட்டு நாடா ஒட்டினால் முடிந்தது. வாழ்த்து அட்டை எளிது. சாவிக்கொத்து அழுக்காகும்.

பெயர்

பெயர் பொறிப்பது அன்பின் வெளிப்பாடு என்று கருதப்படுகிறது. அதன் தொடக்கம் சலவை. ஐரோப்பிய வீடுகளில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை ஒவ்வொன்றின் மூலையிலும் உரிமையாளரின் முதலெழுத்தும் வரிசை எண்ணும் பெருக்கல் தையலில் இடப்பட்டன. வெளுக்கப் போனது சரியாகத் திரும்ப வேண்டும். எட்டு விரிப்புகளும் முறை வைத்துப் பயன்பட்டுச் சமமாகத் தேய வேண்டும். சிவப்பு நூலே பெரும்பாலும் பயன்பட்டது, துவைத்தால் போகாத சிவப்புச் சாயம் கிடைத்ததால். இந்தக் குறியிடும் தொழில் வேலைக்காரப் பெண்ணுக்குத் தகுதியாகக் கேட்கப்பட்டது. பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அனாதை இல்லத்துச் சிறுமிகள் வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் வரிசை வரிசையாகப் பலவகை எழுத்துகளை மிகச் சிறிதாகத் தைத்துப் பழகிய துணிகள் இன்று சேகரிப்பாளர்களால் தேடப்படுகின்றன. நம் பக்கத்தில் இதே வேலையைச் சேங்கொட்டைச் சாறு செய்துவந்தது. வெளுப்பவர் அதைத் தொட்டு இடும் கருப்புக் குறி எத்தனை வெளுப்புக்கும் அழியாது. நினைவுப் பரிசில் பெயர் தைப்பவர் ஒருவகையில் வண்ணான் குறியையே பட்டுநூலில் இடுகிறார் என்பது இத்துறையில் அதிகம் பேசப்படாத உண்மை.

ஆங்கிலப் பெயருக்குத் தமிழர் இல்லங்களிலும் முன்னுரிமை கிடைத்துவருவதற்குக் காரணம் மொழிப்பற்றின்மை அன்று, கட்டங்கள்தான். ஆங்கிலப் பெரிய எழுத்து ஐந்து கட்ட அகலம், ஏழு கட்ட உயரத்துக்குள் ஒழுங்காக உட்காரும். தமிழெழுத்தில் ட ஒன்றே அந்த ஒழுங்குக்கு உடன்படுவது: ஒரு நேர்க்கோடு இறங்கி, ஒன்று படுத்தால் ட. ப அதற்கு அடுத்து. ம, ய தேறும். க வளையத் தொடங்கும். ண என்றதும் சுழிகள் மூன்றும் வரிசையில் நின்று தலைக்கு நான்கு கட்டமாவது கேட்கும். இ, ஞ, ஜ ஆகியவற்றைத் தைத்தவர் மறுமுறை அந்தப் பெயருள்ள உறவினருக்குப் பரிசு தருவதில்லை. இதற்குமேல் இகர ஈகாரக் கொக்கிகள் மேலே ஏறும். உகர ஊகாரங்கள் கீழே இறங்கும். கொம்பும் காலும் இடமும் வலமும் பரவும். ஆகவே தமிழ்ப் பெயருக்கு உயரம் ஏழு கட்டம் என்று எண்ணித் தொடங்கியவர், மேலே மூன்றும் கீழே மூன்றும் சேர்த்துப் பதின்மூன்று என்று திருத்திக்கொள்ள வேண்டும். 14 எண் துணியில் இது ஏறக்குறைய ஓர் அங்குலம். இரண்டு அங்குல அகலமுள்ள பக்கக் குறியில் 28 துளைகளே உண்டு. ‘மீனாட்சி’ அதில் குறுக்காக நிற்பது கடினம். நெட்டுக்குத்தாக ஓரெழுத்தின் கீழ் ஓரெழுத்தாகத் தைத்தால் இடம் போதும். ஆனால் ‘னா’வைப் பிரிக்கக் கூடாது, ‘ட்’டின் புள்ளியைத் தவறவிடக் கூடாது.

புள்ளி விஷயத்தில் மட்டும் குறுக்குத் தையல் தமிழுக்கு வேறெந்தச் சாதனமும் தராத ஒரு வசதியைத் தருகிறது. ஓலையில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஏடு பொத்துப்போகும். ‘ட’வா ‘ட்’டா என்பதைப் படிப்பவர் இடம்நோக்கி உய்த்துணர்ந்தார். மேட்டி துணியோ நெய்யும்போதே துளையிடப்பட்டது. ஒரு பெருக்கல் குறி, ஒரு புள்ளி. அளவும் இடமும் தாமாகவே அமைந்துவிடுகின்றன.

தலைப்பெழுத்து தனிச் சிக்கல். திருமணப் பரிசில் மணமகளின் பெயருக்கு முன் அவள் தந்தையின் எழுத்தா, கணவன் பெயரின் எழுத்தா என்ற கேள்வி தைப்பவரைத் தேவையற்ற குடும்பப் பேச்சுகளுக்குள் இழுக்கும். நூல் வாங்குமுன் அழைப்பிதழைப் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. இரு பெயருக்கும் இடையே இதயம் வைப்பது சார்ட்டுகளின் வழக்கம். அந்த இதயம் பதினோரு கட்டத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், நீண்ட பெயருள்ள தம்பதியருக்கு அதை விட்டுவிடுவதே இடநெருக்கடிக்குத் தீர்வு.

தேதியைப் பற்றிய சான்று தொன்மையானது. ஆண்டு பொறித்த பிரிட்டன் மாதிரித் துணிகளில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஜேன் போஸ்டாக்கின் துணி. அதில் தைத்த ஆண்டு 1598. அது ஆலிஸ் லீ என்ற குழந்தையின் பிறப்பைக் குறிப்பது. குழந்தை பிறந்தது 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் என்றும் அத்துணியே சொல்கிறது. பிறப்புக்கும் தையலுக்கும் இடையே இரண்டு ஆண்டு. குழந்தை ஓடியாடித் திரிந்த பிறகே பிறப்பு வாழ்த்து தயாராகியிருக்கிறது. எனவே பரிசு தாமதமாவது இக்காலச் சோம்பலின் விளைவு என்று கூறுவோர் கூற்று நிலைபெறாது. அதே துணியிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது: கிழமையும் பொழுதும் சேர்த்தால் வெறும் தேதி ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. நம் வழக்கில் நட்சத்திரம் அந்த இடத்தை நிரப்பும்.

தமிழ் ஆண்டை மட்டும் பொறிப்பவர்கள் ஓர் எச்சரிக்கை கொள்க. ஆண்டுப் பெயர்கள் அறுபதுக்கொருமுறை திரும்பி வருபவை. ‘குரோதி, ஆவணி’ என்று மட்டும் தைத்தால் அது 2024ஆ 1964ஆ என்று பேரப்பிள்ளைகள் தகராறு செய்ய இடமுண்டு. நான்கு இலக்கம் சேர்ப்பதற்கு 14 எண் துணியில் இரண்டு அங்குலம்கூட ஆகாது.

பெயரும் தேதியும் படத்தைக் காட்டிலும் கனம் பெறுவதற்கு எடுத்துக்காட்டாக ஒரு படுக்கை விரிப்பைச் சொல்ல வேண்டும். டெர்வென்ட்வாட்டர் பிரபு 1716 பிப்ரவரியில் லண்டனில் தலை வெட்டப்பட்டார். கோபுரச் சிறையில் அவர் படுத்திருந்த விரிப்பில் அவர் மனைவி, யாருடைய படுக்கை, எந்த இடம், எந்த மாதம், எந்த ஆண்டு என்பதைப் பொறித்து, கீழே தம் பெயரையும் இட்டார். நூலுக்குப் பதில் மனிதத் தலைமுடி. பூவேலையும் உண்டு, யாரும் பூவைப் பார்ப்பதில்லை.

பெயரிடுவதில் மறைபொருள் என்ற கிளையும் உண்டு. ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கிலாந்தில் சிறையிருந்தபோது ஓயாமல் தைத்தார். நார்ஃபோக் பிரபுவுக்கு அவர் அனுப்பிய ஒரு மெத்தையில், திராட்சைக் கொடியைக் கத்தி பிடித்த கை ஒன்று தறிப்பதாக உருவமும் இலத்தீன் வாசகமும் இருந்தன. எந்தக் கிளை தறிக்கப்பட வேண்டும் என்பதில் படித்தவர்களுக்கு ஐயம் எழவில்லை. பிரபு 1572இல் தேசத்துரோகக் குற்றத்துக்காகத் தலை இழந்தார். மெத்தை ஒன்றே காரணம் அன்று. ஆனாலும் பரிசு பெறுபவரின் நிலையைக் கருதி வாசகம் தேர்வது நலம். பிற்காலத்து பிரிட்டிஷ் மேஜர் அலெக்சிஸ் காஸ்டாக்லி இதை இன்னும் திறமையாகச் செய்தார். 1941 டிசம்பரில் ஜெர்மானியரின் போர்க்கைதியாக இருந்தபடி, ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூலில் ஒரு மாதிரித் துணி தைத்தார். ஓரத்தில் புள்ளியும் கோடுமாக ஓடும் கரை உண்மையில் மோர்ஸ் குறியீடு. ஒரு கரை தம் அரசரை வாழ்த்தியது. மற்றொன்று இட்லரை அச்சில் ஏற்ற முடியாத சொல்லால் வைதது. காவலர்கள் வேலைப்பாட்டை மெச்சி அதை முகாம்களில் காட்சிக்கு வைத்தார்கள். கரையை யாரும் படிப்பதில்லை என்ற உண்மை அன்று நிறுவப்பட்டது. மாமனார் வீட்டுக்கு அனுப்பும் தலையணை உறைகளில் இதன் பயன்பாடு இன்னும் ஆராயப்படவில்லை.

தைத்தவர் தம் பெயரை எங்கே இடுவது என்பதில் தையலாளர்கள் இரு கட்சி. ஒரு கட்சி வலது கீழ் மூலையில், பின்னணியைவிடச் சற்றே அடர்ந்த ஒற்றை இழையில், தேடினால் மட்டும் தெரியும்படி. மறு கட்சி பின்புறத் துணியில், பெறுபவர் பெயரும் காரணமும் துவைக்கும் முறையும் சேர்த்து. இரண்டாம் கட்சியே வலுவுடையது. பின்புறத்தில் பெயர் இல்லாத வேலை முப்பது ஆண்டு கழித்து யார் தைத்தது என்று தெரியாமல் போகும்; அப்போது குடும்பத்தில் மிகவும் பேசுபவர் பேருக்கு அது எழுதிவைக்கப்படும்.

வழங்கிய பின்

பரிசு கைமாறிய பின்னும் சில கடமைகள் எஞ்சும். நேர்வெயில் படும் சுவர், அடுப்பங்கரை, குளியலறைப் பக்கச் சுவர் ஆகியவை விலக்கத்தக்கவை என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம். சட்டமிடாத துணியை மடிக்கக் கூடாது. மடிப்பு விழுந்த கோட்டில் நூல் அறும். தையல் வெளிப்பக்கம் வரும்படி வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டுவதே நல்லது. அந்துருண்டை துணியைத் தொடாமல் தனிப் பையில் இருக்கட்டும்.

எஞ்சியிருப்பது திருத்தம். பழைய மாதிரித் துணிகள் பலவற்றில், பிறந்த ஆண்டோ தைத்தபோது இருந்த வயதோ பின்னாளில் பிரித்தெடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சிறுமியாகத் தைத்தவர் நடுவயதில் வரவேற்பறையில் அது தொங்குவதைப் பார்த்து, கூட்டிக் கழிக்கத் தெரிந்த விருந்தினர் வருமுன் ஊசியை எடுத்திருக்கிறார். அவை லினன் துணிகள். நூல் போனாலும் ஊசி அகட்டிய தடம் போகாது. அருங்காட்சியகத்தார் அதை உருப்பெருக்கியில் வாசித்துவிடுகிறார்கள். மேட்டி துணியிலும் ஐடாவிலும் எல்லா இடமும் துளையே என்பதால் இந்த இடர் இல்லை. பின்புறத்திலிருந்து நூலைச் சிறு கத்தரியால் நறுக்கி, முன்புறத்தில் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தால் போதும். கருப்பும் சிவப்பும் மட்டும் துளைகளில் கொஞ்சம் பஞ்சு விட்டுச் செல்லும். அதை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும்.